பனியில் நான் ஊற்றிய சுடுதண்ணீர்

இது நடந்தது 2016ஆம் ஆண்டு மார்கழி மாதம், நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முந்தின வாரம். இடம், சுவிஸில் நாங்கள் இருக்கிற துன் நகரத்துக்கு மேலே மலையில் ஒரு பனிச்சறுக்கு இடம். கேபிள் கார் போய் நிற்கிற நடு நிலையத்தில் ஓர் உணவகம் இருக்கிறது. அதன் சமையலறையில்தான் எனக்கு வேலை. வேலை என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அது வேலை ஆகுமா, ஆகாதா என்பதே பெரிய கேள்வியாக இருந்தது.

அதை முதலில் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். அதுவரை ஒன்பது வருடம் துன்னில் அலுவலகங்கள் துடைத்தேன், இங்கே இரண்டு மணித்தியாலம், அங்கே மூன்று மணித்தியாலம் என்று. எங்கள் குடும்பத்துக்கு அப்போது எஃப் கார்டு. தற்காலிகமாக இருக்க விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைவிட உறுதியான பி கார்டுக்கு எழுதிப்போடுவதென்றால் வீட்டில் ஒருவருக்காவது நிரந்தர வேலை ஒப்பந்தம் இருந்தால் நல்லது என்று குடிவரவு அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். என் கணவருக்கு முதுகில் ஒப்பரேஷன் செய்து ஆறு மாதம். ஆக, அந்த ஒருவர் நான்தான்.

அந்த உணவகத்தில் பன்னிரண்டு வருடமாகச் சமைக்கிற யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் எங்களுக்குக் கோயில் பழக்கம். அவர்தான் முதலாளியிடம் எனக்காகக் கதைத்தார். முதலாளியை இங்கே எல்லாரும் ‘ஷெஃப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மனுசன் சுற்றி வளைக்கவில்லை. நடு நிலையத்திலிருந்து சறுக்குகிறவர்களை இன்னும் உயரத்துக்கு ஏற்றுகிற மேல் லிஃப்ட் திறக்கிற அன்றைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கலாம், வருடம் முழுக்க வேலை. நத்தாருக்கு முந்தின சனிக்கிழமை அது திறக்காவிட்டால் இந்த வருடம் புது ஆள் எடுக்க ஏலாது. அதுவரை வந்து நின்று பழகு என்றார்.

நான் மனதுக்குள் சிரித்தேன். சுவிஸ் மலை, மார்கழி மாதம், பனி இல்லாமல் போகுமோ? மட்டக்களப்பில் இருக்கிற என் அக்காவுக்குப் போன் எடுத்து, வேலை கிடைச்சிட்டுது என்றே சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை கேபிள் காரில் ஏறிப் போனேன். கீழே துன் ஏரி முழுக்க மூடுபனி. அதைத் தாண்டி மேலே வந்தால் பளிச்சென்று வெயில். மலையைப் பார்த்தேன். காய்ந்த புல்! எங்கள் ஊரில் சிறுபோகம் வெட்டின வயல் மாதிரி மண்நிறம். அதன் நடுவே மேலிருந்து கீழே ஒரு வெள்ளைக் கோடு, நாடாவை விரித்துவிட்ட மாதிரி. அவ்வளவுதான் பனி. கார்த்திகைக் கடைசியில் குளிர் இருந்த சில நாளில் மெஷினால் அடித்தது. பிறகு ஃபொன் என்கிற சூட்டுக் காற்று வந்துவிட்டது. அது வீசினால் மெஷினாலும் பனி அடிக்க முடியாது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டியதுதான்.

“தங்கச்சி, இது ஸ்னோ இல்லை. கேக்குக்கு மேலை பூசிற ஐசிங். நக்கினால் முடிஞ்சுது” என்றார் அண்ணை.

“மறுகா என்ன செய்யிற அண்ணை?”

‘பிறகு’ என்பதற்கு நாங்கள் மட்டக்களப்பில் சொல்கிற ‘மறுகா’வைக் கேட்டால் அவருக்குக் கிண்டல் பண்ணாமல் இருக்க ஏலாது. “மறுகாவோ? மறுகா நீயும் நானும் இஞ்சை மாடு மேய்க்கிறதுதான்” என்று சிரித்தார்.

அந்தப் பனிக் கோட்டுக்குப் பொறுப்பான ஆளை அன்றைக்கே கண்டேன். ஒரு பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். கட்டையான உருவம். வெயிலில் கறுத்த முகம், கறுப்புக் கண்ணாடி போட்டுப் போட்டுக் கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை. கோடையில் மாடு வளர்க்கிறாள், குளிர்காலத்தில் சறுக்குப் பாதைகளுக்குத் தலைவி. பனியைச் சமப்படுத்துகிற பெரிய சங்கிலி வண்டியை அவளேதான் ஓட்டுவாள். அந்த வண்டியில் எந்த இடத்தில் எவ்வளவு பனி என்று காட்டுகிற திரை எல்லாம் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் இறங்கி, கோடு போட்ட ஓர் இரும்புக் கம்பியைக் குத்திக் குத்தி நடப்பாள். இதில் நாற்பது, இதில் இருபத்தைந்து என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போவாள். வெயில் ஏறமுதல் இரண்டு ஆட்களோடு வந்து பனிமேல் வெள்ளைத் தடிப்புத் துணியை விரிப்பாள், காய்ச்சல்காரருக்குப் போர்த்துகிற மாதிரி. வெயில் சாய்ந்ததும் துணியை எடுத்துவிடுவாள், குளிர் உள்ளே போகட்டும் என்று. நிழல் பக்கப் பள்ளத்தில் மரவேலிகள் அடித்து வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டேன். காற்று அள்ளிக்கொண்டு போகிற பனி அந்த வேலிக்குப் பின்னால் விழுந்து தங்குமாம். அது அவளுடைய சேமிப்பு.

அவள் கோப்பி குடிப்பது எங்கள் சமையலறை வாசலில், நின்றபடியே. மலையில் முதலாளி தொழிலாளி எல்லாருக்கும் ‘நீ’தான், ‘நீங்கள்’ கிடையாது. எனக்கு அது முதலில் வாயில் வரவில்லை. மெதுவாக, எனக்கு விளங்குகிற ஜெர்மனில் கதைப்பாள். ஒருநாள் கேட்டேன், வானத்திலிருந்து விழுகிறதை எதிர்பார்த்திருக்காமல் ஏன் இந்தப் பாடு படுகிறாய் என்று.

“பனி விழுகிறது மேலே இருக்கிறவரின் வேலை. விழுந்தது கரையாமல் கிடக்கிறது எங்கட வேலை” என்றாள்.

எனக்கு ஆட்கள் சொல்கிற இப்படியான கதைகள் என்றால் உயிர். பின்னேரம் பஸ்ஸில் போகும்போது மறக்காமல் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டேன்.

இனி என் பிழையைச் சொல்கிறேன்.

கீழே மூடுபனி, மேலே வெயில் என்றால் சனம் வெயில் காய மலைக்கு வரும். முன்முற்றத்து மேசைகள் நிரம்பி வழிந்தன. துருவிப் பொரிக்கிற ரோஸ்டி போடுவதற்கு உருளைக்கிழங்கு அவித்தோம், அவித்தோம், அவித்துக்கொண்டே இருந்தோம். அவித்த தண்ணீரை வடிக்கிற பெரிய தொட்டியின் குழாய் அடைத்துக் கிடந்தது. அந்த மாவுத் தண்ணீரை ஊற்றினால் பாத்திரம் கழுவுகிற தொட்டியும் அடைக்கும். கீழே இருந்து ஆள் வந்துதான் திருத்த வேண்டும். அதுவரை அவித்த தண்ணீரை சாப்பாட்டு அறைக்கு அந்தப் பக்கத்துக் குளியலறையின் வடிகுழியில் ஊற்று என்று அண்ணை தெளிவாகச் சொல்லியிருந்தார். அதற்குச் சுடுதண்ணி வாளியோடு சாப்பிடுகிறவர்களுக்கு இடையால் போக வேண்டும். எனக்கு வெட்கம், பயம் இரண்டும்.

பின்கதவு இரண்டு எட்டில் இருந்தது. அதற்கு வெளியே படி, படிக்கு அங்கால் சுவரோரம், அதை ஒட்டி அந்த வெள்ளைத் துணி போர்த்த பனிப் பாதை. முதல் நாள் வெயில் படாத அந்தப் படியில் உறைந்திருந்த ஐஸில் சறுக்கி விழப் பார்த்தேன். ஐஸ்தானே, சுடுதண்ணி ஊற்றினால் போகும் என்று ஊற்றினேன். போனது. ஒரு மணித்தியாலத்தில் அந்தத் தண்ணீரே உறைந்து, முன்னைவிட மோசமாகக் கண்ணாடி மாதிரி வந்து நின்றது. சரி, படியில் வேண்டாம், தள்ளி ஊற்றுவோம் என்று சுவருக்கும் பனிக்கும் இடையில் ஊற்றினேன். என்ன அதிசயம், ஒரு சொட்டு நிற்கவில்லை. பனி அப்படியே குடித்துவிட்டது. சோறு வடித்த தண்ணியை முருங்கையடியில் ஊற்றி வளர்ந்த எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. துப்புரவாக ஒரு வழி கண்டுபிடித்தேன் என்று பெருமைகூட. ஒரு நாளைக்குப் பத்து வாளி. ஐந்து நாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. அடுத்த நாள் திறப்பு. பாதைத் தலைவி இரண்டு நாளாக மேலே பாறைப் பக்கம் வேலையாக இருந்தாள். அன்றைக்குத்தான் எங்கள் பின்புறத்துக்கு வந்து துணியைத் தூக்கிவிட்டுக் கம்பியைக் குத்தினாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டு யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பி கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது.

அவள் கம்பியை இழுத்தெடுத்தாள். ஒரு எட்டுத் தள்ளிக் குத்தினாள். அங்கேயும் அப்படித்தான். முழங்காலில் இருந்து பனியைக் கிண்டி, தலையைக் குனிந்து உள்ளே பார்த்தாள். பிறகு ஷெஃபைக் கூப்பிட்டாள். ஷெஃப் ஏப்ரனோடு ஓடினார். அவர்கள் கதைத்ததில் எனக்கு விளங்கினது இவ்வளவு: மேலே பனி கூரை மாதிரி நிற்கிறது, அடியில் வெறும் பொந்து. நிலம் சூடாகிப் புது நீரூற்று ஒன்று திறந்திருக்க வேண்டும். ஊற்று என்றால் எவ்வளவு பனி போட்டாலும் அடியால் தின்றுகொண்டே இருக்கும். மேல் லிஃப்டில் போகிறவர்கள் சறுக்கித் திரும்புவதற்கு இருக்கிற ஒரே வழி இந்தப் பாதை. ஒரு பக்கம் எங்கள் சுவர், மறுபக்கம் பாறைச் சரிவு. பாதையை நகர்த்தவும் இடம் இல்லை. அப்படியானால் நாளைக்குத் திறப்பு இல்லை.

ஊற்று என்பதற்கான ஜெர்மன் சொல் எனக்குத் தெரியும். அது ஊற்று இல்லை, நான் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

அண்ணை அடுப்படியில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு கதவடியில் இருந்த வாளியைப் பார்த்தார். மனுசனுக்கு விளங்கிவிட்டது.

“பின்னாலையோ ஊத்தினனீ?”

“ஓம் அண்ணை.”

“ஐயோ பிள்ளை! எத்தினை நாளா?”

“வந்த நாள் தொடக்கம்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “வாயைத் திறக்காதை. ஊற்றெண்டே இருக்கட்டும். லிஃப்ட் திறக்காட்டி உனக்கு வேலை இல்லை, அது விதி. சொன்னாலும் உனக்கு வேலை இல்லை, மேலதிகமா மானமும் போகும். கூட்டிக்கொண்டு வந்த என்ரை மானமும் போகும்.”

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் தொட்டியில் கையை வைத்தேன். வீட்டில் கணவர் பி கார்டுக்கான அலுவலகக் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு இருப்பது கண்ணில் வந்தது. ஊற்றென்றே போகட்டும் என்று ஒரு நிமிடம் உண்மையாக நினைத்தேன். அதை மறைக்க மாட்டேன்.

அப்போது வெளியே அவள் ஷெஃபிடம் சொன்னது கேட்டது. விடியற்காலையில் வண்டியை மெதுவாக விட்டுப் பார்க்கிறேன், ஒருவேளை தாங்கும், பொந்து சின்னதாகவும் இருக்கலாம் என்றாள். அந்த வண்டி எத்தனை யானைப் பாரம்! ஐந்து நாள், ஐம்பது வாளி. பொந்து சின்னதில்லை என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். மறுபக்கம் பாறைச் சரிவு. வண்டிக்குள் இருக்கப்போகிறவள் அவள்.

வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். அண்ணை பின்னால், “எடி பிள்ளை, நில்லு” என்றது காதில் விழுந்தது. அவளுக்கு முன்னால் போய் நின்றதும், ஒன்பது வருடம் படித்த ஜெர்மன் அவ்வளவும் பறந்துவிட்டது. வாளியைக் காட்டினேன். நெஞ்சில் கை வைத்தேன்.

“நான். தண்ணி. சூடு. உருளைக்கிழங்கு” என்றேன்.

ஷெஃபின் முகம் தக்காளியாகச் சிவந்தது. அவள் வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பொந்தைப் பார்த்தாள். நான் பேச்சு வாங்கத் தயாராக நின்றேன்.

“எங்கே நின்று ஊத்தினாய்? காட்டு” என்றாள்.

காட்டினேன். ஒரு நாளைக்கு எத்தனை? பத்து. எப்போதும் இதே இடமோ? இல்லை, புதன்கிழமையில் இருந்து கொஞ்சம் அங்கால். வெறும் வாளியோடு திரும்பவும் ஊற்றிக் காட்டச் சொன்னாள். நான் ஊற்ற ஊற்ற, தண்ணி ஓடியிருக்கக்கூடிய வழியெல்லாம் சிவப்புத் தடி நட்டுக்கொண்டே போனாள். ஷெஃப் இடையில் ஏதோ கத்தத் தொடங்கினார். கையைக் காட்டி நிறுத்தினாள். கம்பியால் நாலு இடத்தில் குத்தி அளவு பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அந்த மலையே கேட்கச் சிரித்தாள்.

“ஊற்று என்றால் என்னட்ட மருந்து இல்லை. உருளைக்கிழங்கு என்றால் இருக்கு!”

ஷெஃபிடம் திரும்பி, எனக்கும் விளங்குகிற மாதிரி மெதுவாகவே சொன்னாள், இவள் சொல்லாமல் விட்டிருந்தால் நான் நாளைக்கு முழுக்க ஊற்றைத் தேடியிருப்பேன், அல்லது வண்டியோடு பாறையில் கிடந்திருப்பேன் என்று. ஷெஃப் உள்ளே போனார். போய், உருளைக்கிழங்கு கொண்டுவருகிற பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்காகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பொந்தின் பனிக் கூரையை உடைத்துப் பார்த்தபோது உள்ளே ஒரு கன்றுக்குட்டி தாராளமாகப் படுக்கலாம். மாடு வளர்க்கிறவள் அப்படித்தான் சொன்னாள். நிழல் பள்ளத்தில் வேலிக்குப் பின்னால் அவள் சேமித்த பனியை ஒரு சின்ன வண்டியில் கொண்டுவந்து கொட்டினார்கள். அங்கிருந்து பெட்டி பெட்டியாகக் கைமாறினோம். ஷெஃப், பரிமாறுகிற பெண்கள், சாப்பிட வந்த இரண்டு பேர், ஏப்ரனோடு அண்ணை.

“உருளைக்கிழங்குப் பெட்டியிலை ஸ்னோ காவ வைச்சிட்டியே, மட்டக்களப்பாள்” என்று என்னைத் திட்டிக்கொண்டே, எல்லாரையும்விட வேகமாகத் தூக்கினார்.

பொந்துக்குள் இறங்கி மிதிக்கிற வேலை எனக்கும் அவளுக்கும். ஒரு சாண் பனி போட்டு மிதிக்க வேண்டும். பிறகு இன்னொரு சாண். அவசரப்பட்டு நான் இரண்டு பெட்டியைச் சேர்த்துக் கொட்டப் போனபோது தடுத்தாள். ஒன்றாகப் போட்டால் மேல்தான் இறுகும், அடி பொய் சொல்லும் என்றாள். தோளோடு தோள் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் மிதித்தோம். யாராவது பார்த்திருந்தால் கூத்து ஆடுகிறோம் என்று நினைத்திருப்பார்கள். இருளமுதல் நிரப்பி முடித்தோம். நான் இன்னும் மிதிக்கலாமோ என்று கேட்டேன். போதும், இனித் தொடாதே என்றாள். மிதிபட்ட பனி தன்னைத்தானே பிடித்துக்கொள்ளுமாம். அதற்கு நேரம் கொடுக்க வேண்டுமாம். சூட்டுக் காற்றும் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது, குளிர் காதைக் கடித்தது. எனக்குக் குளிர் சந்தோஷமாக இருந்த ஒரே நாள் அதுதான்.

அன்றைக்கு மேலேயே தங்கினேன். காலையில் பின்கதவைத் திறந்தால் அவள் எனக்கு முன்னமே வந்து நிற்கிறாள். கம்பியை என் கையில் தந்தாள்.

“நீ குத்து.”

குத்தினேன். இரண்டு விரல் போய், டொக்கென்று நின்றது. இன்னோர் இடத்தில் குத்தினேன். டொக். கம்பியை வாங்கிக்கொண்டு போய் வண்டியில் ஏறினாள். அந்தச் சிவப்புப் பூதம் எங்கள் சுவரை உரசுகிற மாதிரி வந்தது. நானும் அண்ணையும் படியில் நின்றோம். நான் கந்தனைக் கூப்பிட்டேன். வண்டி நாங்கள் நிரப்பின இடத்தில் ஏறியது, கடந்தது, போய்விட்டது. பின்னால் அதன் தடம் புதுச்சீலை மடிப்பு மாதிரி வரிவரியாகக் கிடந்தது.

ஒன்பது மணிக்கு மேல் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. சிவப்பு, நீலம், மஞ்சள் உடுப்போடு சனம் எங்கள் பின்கதவைத் தாண்டிச் சர் சர்ரென்று போனது. அடியில் என்ன நடந்தது என்று அதில் ஒருவருக்கும் தெரியாது. மத்தியானம் சனம் குறைந்ததும் ஷெஃப் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து வைத்தார். கையெழுத்து வைக்கமுதல், குளியலறை வடிகுழி எங்கே இருக்கிறது என்று என்னை நடத்திக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அதற்குப் பிறகுதான் பேனையைத் தந்தார். அடுத்த வருடம் எங்களுக்குப் பி கார்டு வந்தது.

இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறேன். லண்டனில், கனடாவில் இருந்து சொந்தக்காரர் கேட்பார்கள், நத்தாருக்கு வந்தால் ஸ்னோ நிச்சயமோ என்று. நிச்சயம் என்று முன்னே மாதிரி வாயால் அளப்பதில்லை. மழை பெய்த மார்கழியும் கண்டிருக்கிறேன். தை மாதம் வரை திறக்காத வருடமும் உண்டு. அந்த நாட்களிலும் அவள் கம்பியோடு காய்ந்த புல்லில் நடந்து, எந்தப் பள்ளத்தில் முதல் பனி தங்கும் என்று பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். நாங்கள் படத்தில் பார்த்து வாய் பிளக்கிற சுவிஸ் பனி எத்தனையோ பேருடைய கை பட்டுத்தான் கிடக்கிறது என்று அவளைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

ஆனால் என் மனதை விட்டுப் போகாதது அவளுடைய பனி அறிவுகூட இல்லை. அவ்வளவு பெரிய பிழையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றவளிடம் அவள் ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை, எங்கே என்று கேட்டாள். வீட்டில் பிள்ளைகள் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது நானும் அப்படிக் கேட்கத்தான் பார்க்கிறேன், பாதி நாளில் கோபம் முந்திவிடுகிறது, மிச்சப் பாதியில் அவர்கள் பயப்படாமல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டுகிறார்கள்.